எட்டாம் வகுப்பு, ஏப்ரல் மாதம்

மூன்றாவது பெட்டியைத் தூக்கியபோது அடிப்பக்கம் பிய்ந்துகொண்டது. உள்ளே இருந்த துணிகள் மொத்தமும் முன்னறையின் ஈரத் தரையில் கொட்டின. வெறும் அட்டையைக் கையில் பிடித்தபடி நெஸ்டர் நின்றார். கறுப்புக் கோட்டு போட்டாகிவிட்டது. டை மட்டும் கட்டாமல் கழுத்தின் இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தது. பத்தரைக்கு சர்ச்சில் இருக்க வேண்டும். இப்போது ஒன்பது இருபது.

"ஐயோ, தரையெல்லாம் சேறு!" என்று மனைவியின் சிநேகிதி டோரீன் முழங்காலிட்டு உட்கார்ந்து துணிகளை அவசரமாக அள்ளத் தொடங்கினாள். அவளும் துக்கத்துக்கான கறுப்பு உடையில்தான் இருந்தாள். "நீ போ நெஸ்டர், நான் பார்த்துக்கறேன். இன்னைக்குன்னு பார்த்து வந்து உன்னைத் தொந்தரவு பண்றேன். இந்தப் பெட்டிங்களை எடுத்துட்டுப் போற நர்ஸ் நாளைக்குக் காலையில கிளம்பறா, அதான். இல்லேன்னா அடுத்த வருஷம்தான் ஜாம்பியாவுக்கு ஆள் போகும்."

"பரவாயில்ல," என்று நெஸ்டரும் குனிந்தார். முழங்கால் சடக்கென்றது.

ஒவ்வொரு துணியும் ஒரு சாண் நீளம். நடுவில் தடிமனாக, இரண்டு ஓரத்திலும் சிறகு மாதிரி ஒரு நீட்டல். சிறகின் முனையில் ஒரு பிரஸ் பட்டன். அந்தப் பட்டன்களை அடித்தது அவர்தான். ஒன்பது குளிர்காலமாக, பட்டறையில் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, மனைவி தெக்லா கொண்டுவந்து வைக்கும் குவியலுக்கெல்லாம் கைப்பிரஸ்ஸால் டக் டக்கென்று அடித்துக் கொடுத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டதில்லை. "சர்ச் ஹால்ல எல்லாரும் சேர்ந்து தைக்கிறோம், வெளிநாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு" என்று முதல் வருடம் சொன்னாள். கரும்பலகை துடைக்கிற துணி போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். பட்டன் எதற்கு என்று ஒருமுறை யோசித்தார். ஆணியில் மாட்டுவதற்காக இருக்கும்.

ஒரு தடவை பட்டன் கோணலாகிப்போன ஒன்றை எடுத்து டிராக்டரின் ஆயில் அளவு பார்க்கும் குச்சியைத் துடைத்தார். படியில் நின்று பார்த்த தெக்லா அங்கேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "என்ன?" என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல. நல்லா உறிஞ்சுதா?" என்றாள். "உறிஞ்சுது" என்றார் இவர். அதற்கு இன்னும் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனவள் சமையலறையிலும் சிரித்துக்கொண்டிருந்தது கேட்டது.

துணிகளுக்கு நடுவே காகிதங்களும் சிதறிக் கிடந்தன. நெஸ்டர் ஒன்றை எடுத்து, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். எழுத்தே இல்லை, படங்கள்தான். பள்ளிச் சீருடையில் ஒரு பெண். ஒரு வாளி. கயிற்றில் காயும் துணி. அடுத்த படம் ஒரு ஜட்டி. அதில் அந்தச் சிறகுத் துணியைப் பொருத்துகிற மாதிரி அம்புக்குறி. அவர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலி.

"டோரீன், இது என்ன?"

"எது?"

"இதெல்லாம்."

டோரீன் தலையைத் தூக்கினாள். "விளையாடறியா?"

"இல்ல."

"அவ உன்கிட்ட சொல்லவே இல்லையா? ஒன்பது வருஷமா நீதானே பட்டன் அடிச்சே!"

"பள்ளிக்கூடத்துக்குன்னு சொன்னா."

டோரீன் கையிலிருந்த துணியை மடியில் வைத்து நீவினாள். பிறகு முகத்தை அவரிடமிருந்து கொஞ்சம் திருப்பிக்கொண்டு சொன்னாள். "பொண்ணுங்களுக்கு மாசா மாசம் வருமே, அதுக்கு. அங்க கடையில வாங்கற வசதி எல்லாருக்கும் கிடையாது. அந்த நாலு நாளும் பள்ளிக்கூடம் போகாம வீட்டுல உட்கார்ந்துக்குதுங்க. அப்புறம் பாடம் விட்டுப்போகுது. அப்புறம் போறதே நின்னுபோகுது. இது இருந்தா துவைச்சுத் துவைச்சு மூணு வருஷம் ஓட்டலாம்."

நெஸ்டரின் விரல்கள் தாமாகவே விரிந்து துணியைக் கீழே விட்டன. அப்படி விட்டதற்காக வெட்கப்பட்டு மறுபடியும் எடுத்தார். எடுத்ததை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"எல்லாம் கருநீலம், அடர் பச்சை, காப்பிக்கொட்டை நிறம். பார்த்தியா?" டோரீன் பேச்சை மாற்றுவதுபோல் ஆரம்பித்தாள். "அது தெக்லாவோட சட்டம். நாங்க பூப்போட்ட வெளிர் துணியில தைச்சா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ராத்திரியோட ராத்திரியா பிரிச்சிடுவா. கறை தெரியும்னு சொல்வா. அழகா இருக்கே தெக்லா, பிள்ளைங்களுக்குப் பிடிக்குமேன்னா, அழகு வேண்டாம், தெரியக்கூடாது, அவ்வளவுதான்னு அடிச்சுச் சொல்லிடுவா. அவளுக்கு அன்னைக்கு நடந்தது..."

நிறுத்திவிட்டாள்.

"என்னைக்கு?"

"ஒண்ணுமில்ல. மணியாச்சு, நீ டை கட்டு."

"டோரீன். என்னைக்கு?"

மாடியில் மகள் லெஸ்யா நடக்கும் சத்தம் கேட்டது. டோரீன் மேலே பார்த்துக் குரலைத் தணித்தாள்.

"க்ளியர்வியூ பள்ளிக்கூடத்துல, நாங்க எட்டாவது படிக்கறப்போ. ஏப்ரல் மாசம். மாஸ்டர் அவளைக் கணக்குப் போடச் சொல்லி போர்டுக்குக் கூப்பிட்டார். மாவு மூட்டைத் துணியில அவங்கம்மா தைச்ச கவுன், மஞ்சள் சாயம் முக்கினது. அதைப் போட்டிருந்தா. எழுந்து போறா, பின்னாடி முழுக்க... அவளுக்கே தெரியல. அதான் முதல் தடவைன்னு நினைக்கிறேன். கணக்கைப் போட்டு முடிச்சா. சரியான விடை. திரும்பறா, மொத்த வகுப்பும் சிரிக்குது. மாஸ்டர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வீட்டுக்குப் போன்னார். நாலு மைல் நடந்து போனா. அப்புறம் வரவே இல்ல."

நெஸ்டர் கோட்டின் உள்பையில் கைவிட்டு, அச்சடித்த நினைவுத்தாளை எடுத்தார். சர்ச்சில் எல்லோருக்கும் கொடுப்பதற்காக லெஸ்யா எழுதி அடித்தது. முன்பக்கம் தெக்லாவின் படம். உள்ளே அந்த வரியில் விரலை வைத்து டோரீனிடம் நீட்டினார். 'யார்க்டன் நகரில் சித்தியின் வீட்டில் தங்கிப் படித்து, 1962-ல் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தார்.'

"இதுல இருக்கே," என்றார்.

டோரீன் படித்தாள். தாளை மடித்து அவரிடமே கொடுத்தாள்.

"சித்தி வீட்டுல தங்கினது நிஜம். அங்க ரூம் வாடகைக்கு விட்டிருந்தாங்க. அவ தரை துடைச்சா, படுக்கை விரிச்சா. பள்ளிக்கூடம் போகல. எட்டுகூட முடிக்கல நெஸ்டர். ஜூன் வரைக்கும் இருந்திருந்தா முடிச்சிருப்பா." கண்களை மூடித் திறந்தாள். "யார்கிட்டேயும் சொல்ல மாட்டேன்னு அவளுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன். உன்கிட்டயும்தான். இன்னைக்கு என் வாய்..."

"அப்பா, டை!" லெஸ்யா படியிறங்கி வந்தாள். ஐம்பது வயது. அம்மாவின் அதே வேகமான நடை. அப்பாவின் கழுத்தில் தொங்கிய டையை எடுத்துக் கட்டினாள். அவர் முகவாயைத் தூக்கிக் கொடுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய கைகள் இறுக்கி முடித்ததும், "மூச்சு விடுங்கப்பா" என்றாள்.

*

காரை லெஸ்யா ஓட்டினாள். சாலையோரப் பள்ளங்களில் பனி அழுக்காகிக் கரைந்துகொண்டிருந்தது. வயல்களில் போன வருடத்து அறுப்புக் கட்டைகள் வரிசை வரிசையாகத் தலைநீட்ட ஆரம்பித்திருந்தன.

"அந்தத் துணி," என்றார் நெஸ்டர். "அம்மா தைச்சது. எதுக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியுமே. உங்களுக்கு?"

அவர் சாலையையே பார்த்தார். லெஸ்யா திரும்பிப் பார்த்தாள். புரிந்தது. "அடக் கடவுளே, அப்பா!" என்று சிரித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை, காப்பிக் கோப்பையை எடுக்கக் கை நீட்டிய தெக்லா அப்படியே மேசைமேல் சாய்ந்த பிறகு, அந்த வீட்டுக்காரர்கள் யாரும் சிரித்து அதுதான் முதல் தடவை. சிரிப்பு எங்கேயோ உடைந்து அழுகையாகிவிட்டது. காரை ஓரமாக நிறுத்தி, மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி கிளப்பினாள்.

சொல்லிவிடலாம் என்று நெஸ்டர் நினைத்தார். ஆனால் எதைச் சொல்வது?

அவர் பத்தாவதோடு நின்றவர். அறுபத்துமூன்றில் ஒரு கல்யாண நடனத்தில் தெக்லாவைப் பார்த்தபோது, "எதுவரைக்கும் படிச்சே?" என்று கேட்டது அவர்தான். வேறு என்ன பேசுவதென்று தெரியாமல் கேட்டார். "பன்னெண்டு" என்றாள், அவருடைய சட்டைப் பட்டனைப் பார்த்துக்கொண்டே. அந்த ஒரு நொடியை இப்போது எவ்வளவு பிடித்து இழுத்துப் பார்த்தும் அவளுடைய முகம் தெரியவில்லை. பட்டனைப் பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு ஐம்பத்தைந்து வருடம். வரிப் படிவம், காப்பீட்டுக் கடிதம், கோதுமை வாரியத்துக்கு மனு, எது வந்தாலும் மேசைமேல் அவள் பக்கமாகத் தள்ளி, "நீ பன்னெண்டு படிச்சவ, நீ எழுது" என்பார். பெருமையாகத்தான் சொன்னார். வெளியாட்கள் முன்னாலும் சொன்னார். அவள் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பென்சிலால் ஒரு தடவை, பேனாவால் ஒரு தடவை எழுதுவாள். படித்தவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள் என்று அவர் நினைத்திருந்தார். எத்தனை தடவை அப்படிச் சொல்லியிருப்பார்? ஒவ்வொரு தடவையும் அவளுக்குள் என்ன நடந்திருக்கும்?

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல."

"நான் எழுதினது சரியா இருக்கா? சாப்பாட்டுக்கு அப்புறம் ஹால்ல படிக்கணும். வருஷம் எல்லாம் சரிதானே?"

நெஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பினார். லெஸ்யா பதினாறு வயதில் ஒரு பையனோடு சேர்ந்து சாஸ்கடூன் நகரத்துக்கு ஓடிப்போய் முடிதிருத்தும் கடையில் வேலை பார்க்கப்போவதாகக் கத்திக்கொண்டிருந்த நாள் நினைவுக்கு வந்தது. தெக்லா கதவில் முதுகை வைத்துக்கொண்டு நின்றாள். "நான் யார்க்டன்ல வீட்டு வேலை செஞ்சுக்கிட்டே பன்னெண்டு முடிச்சேன். உனக்கு இங்க என்ன குறைச்சல்? முடிக்காம இந்தக் கதவைத் தாண்ட மாட்டே." அப்படி நின்றதால்தான் லெஸ்யா இன்று சாஸ்கடூனில் ஒரு உயர்நிலைப் பள்ளியின் துணை முதல்வர். ஒவ்வொரு வருடமும் பட்டம் வாங்கும் பிள்ளைகளுக்கு அம்மாவின் அந்தக் கதையைத்தான் சொல்வாள். அந்தக் கதையை எப்படித் தொடுவது?

"சரியா இருக்கு," என்றார்.

*

சர்ச்சில் எல்லாம் முறைப்படி நடந்தது. தூபம் புகைந்தது. பாதிரியார் இஹோர் பாடினார், பின்வரிசைக் கிழவர்கள் இழுத்து இழுத்துச் சேர்ந்து பாடினார்கள். சவப்பெட்டி திறந்திருந்தது. கருநீல உடையில் தெக்லா படுத்திருந்தாள்.

கருநீலம். நெஸ்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு அவர் ரெஜைனா வரைக்கும் காரோட்டிப் போய், விற்பனைப் பெண்ணிடம் வெட்கத்தோடு அளவு சொல்லி, வெண்ணெய் நிறத்தில் ஒரு கவுன் வாங்கி வந்தார். தெக்லா தொட்டுப் பார்த்தாள், முத்தம் கொடுத்தாள், அலமாரியில் தொங்கவிட்டாள். ஒருநாளும் உடுத்தவில்லை. அவர் இரண்டு வருடம் மனத்தாங்கலோடு இருந்தார். ஒருநாள் சண்டையில் "என் பணத்துல வாங்கினதுன்னா உனக்கு இளப்பம்" என்றுகூடச் சொன்னார். வெளிர் நிறத்தில் இந்தப் பெண்மணி எதையாவது உடுத்தி அவர் பார்த்திருக்கிறாரா? கல்யாண உடை ஒன்றுதான். அன்றைக்கு முழுக்க அவள் உட்காரவே இல்லை என்று எல்லோரும் கேலி செய்தார்கள். ஆடி ஆடிக் கால் தேய்ந்துபோகும் என்றார்கள்.

பெட்டியில் கிடப்பது யார் என்று அவருக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. கை அவளுடையதுதான். வலது ஆள்காட்டி விரலில் ஊசி குத்திக் குத்தித் தடித்த இடம்கூட அப்படியே இருந்தது.

கல்லறையில் இயந்திரத்தை வைத்துத்தான் தோண்டியிருந்தார்கள். மேலே சேறு, அடியில் இன்னும் உறைந்த மண். 'நித்திய நினைவு' என்று மூன்று முறை பாடினார்கள். பாதிரியார் நீட்டிய கூடையிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போட்டபோது அது கட்டியாக விழுந்து பெட்டிமேல் மோதியது. நெஸ்டர், "மன்னிச்சுக்கோ" என்றார். மண்ணுக்காகச் சொன்னாரா வேறு எதற்காவது சொன்னாரா என்று அவருக்கே தெரியவில்லை.

*

ஹாலில் நூற்றிருபது பேர் இருப்பார்கள். நீள மேசைகளில் கோஸ் இலைச் சுருள், பெரோகிக் கொழுக்கட்டை, தேன் ஊற்றிய வேகவைத்த கோதுமை. தட்டுகளின் சத்தம். அவரைத் தாண்டிப் போனவர்கள் எல்லோரும் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். நெஸ்டருக்கு எதிரே பக்கத்துப் பண்ணை பீட்டர் சவ்சுக் உட்கார்ந்து, வெங்காயத்தை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டார். டோரீன் மூன்று மேசை தள்ளி, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

லெஸ்யா எழுந்து ஒலிபெருக்கியைத் தட்டினாள். தாளை விரித்தாள். பள்ளியில் பேசிப் பழகிய தெளிவான குரல்.

"எங்க அம்மா தெக்லா, ஆறு பிள்ளைங்கள்ல மூத்தவங்க. க்ளியர்வியூ பள்ளிக்கூடத்துல படிச்சாங்க. நாலு மைல் போக, நாலு மைல் வர நடந்து படிச்சவங்க. அங்கேருந்து யார்க்டன் போய், வீட்டு வேலையும் செஞ்சுக்கிட்டு, 1962-ல பன்னெண்டாவது முடிச்சாங்க..."

"எட்டு," என்றார் நெஸ்டர்.

சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. எழுந்து நின்றது எப்போது என்றும் தெரியவில்லை. கையில் முள்கரண்டி இருந்தது.

லெஸ்யா தாளிலிருந்து கண்ணை எடுத்தாள். "அப்பா?"

"எட்டு. எட்டாவதுல நின்னுட்டா."

தட்டுகளின் சத்தம் அடங்கியது. சமையலறையில் யாரோ தண்ணீர்க் குழாயை மூடினார்கள். நூற்றிருபது முகங்கள். ஏன் நின்றாள் என்று அடுத்து அவர்கள் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் வீட்டுக்குப் போய்ப் பேசுவார்கள். அவள் போர்டிலிருந்து திரும்பியபோது இப்படித்தான் எல்லா முகமும் ஒரே பக்கம் பார்த்திருக்கும்.

நெஸ்டர் டோரீனைப் பார்த்தார். அவள் திரும்பவில்லை. கழுத்தின் பின்பக்கம் மட்டும் சிவந்திருந்தது.

"நெஸ்டர், உட்காருங்க," என்று பாதிரியார் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "பரவாயில்ல, உட்காருங்க."

"அப்பா, அம்மா பன்னெண்டு முடிச்சாங்க," என்றாள் லெஸ்யா. ஒலிபெருக்கியிலிருந்து வாயைத் தள்ளி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, குழந்தையிடம் சொல்வதுபோல. "யார்க்டன்ல. ஞாபகம் இருக்கா?"

அவர் மகளைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த முள்கரண்டியை.

"ஆமா," என்றார். "யார்க்டன்ல. பன்னெண்டு. நான்தான் ஏதோ குழம்பிட்டேன்."

உட்கார்ந்தார். ஹால் முழுக்க மூச்சு விடும் சத்தம் கேட்டது. பீட்டர் சவ்சுக் மனைவியின் காதில், "பாவம், மனுசன் தடுமாறிட்டார். எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றார். அவருக்குக் காது மந்தம், அதனால் மேசை முழுக்கக் கேட்டது. லெஸ்யா விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து படித்தாள். குரல் ஒரு இடத்தில் மட்டும் தடுக்கியது. மற்றபடி கடைசிவரை நன்றாகவே படித்தாள்.

கோட்டு எடுக்கப் போனபோது, கோட்டுகள் தொங்கும் சிறிய அறையில் டோரீன் நின்றிருந்தாள். அவருடையதைக் கையில் வைத்திருந்தாள், கொடுக்கவில்லை.

"நான் எழுந்திருச்சிருக்கணும்," என்றாள். "நீ தனியா நிக்கறே, நான் உட்கார்ந்திருக்கேன்."

"நல்லதாப் போச்சு. நான் சொல்லியிருக்கவே கூடாது."

"உன்னைக் கிறுக்கன்னு நினைக்கிறாங்க."

"நினைக்கட்டும்."

"உனக்குத் தெரியாது நெஸ்டர்." அவள் கோட்டின் காலரைப் பிசைந்தாள். "அவளுக்குப் பின் பெஞ்சுல நான்தான் உட்கார்ந்திருந்தேன். மொதல்ல பார்த்தது நான். மொதல்ல சிரிச்சதும் நான்."

வெளியே யாரோ காரைக் கிளப்பினார்கள்.

"அவளுக்குத் தெரியுமா?" என்றார் நெஸ்டர்.

"ஒன்பது வருஷம், ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும், பக்கத்துப் பக்கத்து மெஷின். என் நூல் அறுந்தா அவதான் கோர்த்துக் குடுப்பா, எனக்குக் கண்ணு சரியில்ல. ஒரு தடவைகூட அதைப் பத்திப் பேசினதில்ல. தெரியுமா தெரியாதான்னு எனக்குத் தெரியல. கேட்க தைரியமும் வரல. இனிமே யாரைக் கேட்கறது?"

நெஸ்டருக்கும் அதே கேள்விதான் இருந்தது. அவர் கையை நீட்டினார். டோரீன் கோட்டைப் பிரித்துப் பிடித்தாள். அவர் ஒரு கையை நுழைத்து, இன்னொரு கைக்கு ஓட்டை எங்கே என்று தெரியாமல் தடவ, அவள் பிடித்து நுழைத்துவிட்டாள்.

*

வீட்டுக்கு வந்ததும் லெஸ்யா தேநீர் போட்டாள். எதிரே உட்கார்ந்து, மோதிரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். மணி மூன்றே முக்கால். வெயில் சமையலறைக்குள் நீளமாக விழுந்திருந்தது.

"அப்பா, கோவிச்சுக்காதீங்க. சும்மா சில கேள்வி கேட்கறேன்."

"டாக்டர் கேட்கற மாதிரியா?"

"அந்த மாதிரிதான். இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

"தேதி?"

"மார்ச் இருபத்தொண்ணு."

"நூறுலேருந்து ஏழு ஏழா குறைச்சுச் சொல்லுங்க."

"தொண்ணூத்திமூணு. எண்பத்தாறு. எழுபத்தொன்பது. எழுபத்திரெண்டு. எதுவரைக்கும் போகணும்?"

"போதும். நான் பொறந்த வருஷம்?"

"அறுபத்தெட்டு. பனிப்புயல். ரோடு மூடிடுச்சு, டிராக்டர்லதான் கூட்டிட்டுப் போனேன். உங்கம்மா வழி முழுக்க என்னைத் திட்டினா."

லெஸ்யா லேசாகச் சிரித்தாள். தேநீரைக் கலக்கினாள். சர்க்கரை போடாத தேநீர். கரண்டி நின்றது.

"அம்மா எதுவரைக்கும் படிச்சாங்க?"

நெஸ்டர் மகளைப் பார்க்கவில்லை. மேசை விரிப்பின் ஓரத்தை நேர்படுத்தினார். தெக்லா கதவில் முதுகை வைத்து நின்றது இந்த அறையில்தான்.

"பன்னெண்டு," என்றார்.

"தப்புப்பா."

நெஸ்டரின் கை விரிப்பின் ஓரத்திலேயே நின்றது.

"தெரியும்," என்றார் நெஸ்டர்.

லெஸ்யா கையால் வாயை மூடிக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. ஆனால் முகம் தளர்ந்தது, நாள் முழுக்கத் தூக்கிவந்த எதையோ இறக்கி வைத்ததுபோல. "நீங்க குழம்பிட்டீங்களோன்னு பயந்துட்டேன்," என்றாள். "இல்ல, உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சோன்னு பயந்துட்டேன். எது மோசம்னு தெரியல."

"உனக்கு எப்படி?"

"அறுபதாவது பிறந்தநாளுக்கு அம்மாவோட சர்டிஃபிகேட்டைத் தேடி எடுத்து ஃப்ரேம் போட்டுக் குடுக்கலாம்னு யார்க்டனுக்கு எழுதினேன். அப்படி ஒரு பேர்ல யாருமே படிக்கலன்னு பதில் வந்துது. அப்போ கிராமத்துப் பள்ளிக்கூடம் எட்டோட சரி. புரிஞ்சுபோச்சு. அந்த வருஷம் ஒரு கம்பளிச் சால்வை வாங்கிக் குடுத்தேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க எல்லார்கிட்டேயும் அவ்வளவு பெருமையாச் சொல்லிட்டிருப்பீங்களே."

நெஸ்டர் தலையாட்டினார். பதினான்கு வருடம். இந்த மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்து எத்தனை ஈஸ்டர், எத்தனை கிறிஸ்துமஸ் சாப்பிட்டார்கள். ஒருத்திக்குத் தெரியும் என்று இன்னொருத்திக்குத் தெரியாது. நடுவில் அவர் ஒன்றும் தெரியாமல் உருளைக்கிழங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஆனா ஒவ்வொரு வருஷமும் உன் பள்ளிக்கூடப் பிள்ளைங்ககிட்ட அந்தக் கதையைச் சொல்றியே."

"சொல்றேன்." லெஸ்யா கண்ணைத் துடைத்தாள். "நிறுத்திடலாம்னு பார்த்தேன். போன வருஷம் ஒரு பொண்ணு, நடுவுல நின்னுட்டவ, அதைக் கேட்டுட்டுத் திரும்பி வந்து சேர்ந்தா. நான் என்ன செய்ய?" பிறகு கேட்டாள். "ஏன் நின்னாங்கன்னு மட்டும் எனக்குத் தெரியாது. வீட்டுல கஷ்டமா இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்."

நெஸ்டர் கோப்பையைத் தட்டில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். எழுபத்தெட்டு வயதில் அவர் வாயில் வந்தே இராத ஒரு சொல் அதற்கு வேண்டியிருந்தது. அது வரவில்லை.

"எட்டுகூட முடிக்கல," என்றார். "ஏப்ரல் மாசம். கணக்குப் போட போர்டுக்குக் கூப்பிட்டாங்களாம்." நிறுத்தினார். "அன்னைக்கு மஞ்சள் கவுன் போட்டிருந்தாளாம்."

லெஸ்யா, "சரி, அதுக்கென்ன?" என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. அவளுடைய கண்கள் அப்பாவின் முகத்திலிருந்து மெதுவாக மூலையில் இருந்த தையல் மெஷினுக்குப் போயின. அங்கேயே நின்றன.

அவர் எழுந்து ஜன்னலருகே போனார். கொஞ்ச நேரத்தில் லெஸ்யாவும் வந்து பக்கத்தில் நின்றாள்.

வெளியே சாலையில் பள்ளிப் பேருந்து வந்து நின்றது. சிவப்பு விளக்குகள் விட்டு விட்டு எரிந்தன. சவ்சுக்கின் பேத்தி இறங்கினாள். பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும். தோளில் பை, கழற்றி இடுப்பில் கட்டிய கோட்டு. நான்கு தப்படி போனவள் எதையோ விட்டுவிட்டதுபோல் நின்று, திரும்பி ஓடி, படியேறிப் பேருந்துக்குள் போனாள். சிவப்பு விளக்கு எரியும்வரை யாரும் தாண்டக் கூடாது என்பதால் சாலையின் இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. பேருந்து விளக்கை அணைக்காமல், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது.